கடைசி வரி வரைக்கும் வாசித்தவள்

சிலருக்குப் பட்டப்பெயர் உடம்பைப் பார்த்து வரும், சிலருக்குத் தொழிலைப் பார்த்து வரும். கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவருக்கு அது அவர் வாயிலிருந்தே வந்தது. கடைத்தெரு முழுக்க அவருக்கு 'அப்பசரி' என்று பேர். சாவி வெட்டுகிறவரிலிருந்து மருந்துக்கடைப் பெண் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டால் திரும்ப வைக்கிற பேர்தான் பேர் என்பது அவர் கட்சி.

வேலை இதுதான். வருகிறவரை உயரமான நாற்காலியில் உட்கார வைப்பார். கண்ணாடி இல்லாத வட்ட வட்டமான இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டுவார். ஒரு கண்ணை அடைப்பார். எதிர்ச் சுவரில் விளக்குப் பெட்டிக்குள் எழுத்துப் பலகை வெளிச்சமாக நிற்கும். மேல் வரியில் குடம் மாதிரி ஒரே ஓர் எழுத்து. கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். மரப்பெட்டியிலிருந்து வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்தில் செருகி, "இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷம். வேலை சீக்கிரம் முடியப்போகிறது என்று அர்த்தம். "கடைசி வரி வாசிங்க." வாசித்துவிட்டால், "அப்ப சரி."

சரியான வில்லை என்று ஒன்று பெட்டிக்குள் தனியாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதை அவர் தொழிலில் கற்றுக்கொண்டார். எதைப் போட்டால் எழுத்து தெரிகிறதோ, அந்த ஆளுக்கு அது சரி. அதையே கழற்றிப் பக்கத்து ஆளுக்கு மாட்டினால் அவர் வாசற்படியில் தடுக்கி விழுவார். இதை மனிதர் கடையோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சாமியைப் பற்றிக் கேட்டால், "கும்பிட்டுப் படுத்தா தூக்கம் வருதா? அப்ப சரி" என்பார். அரசாங்கத்தைப் பற்றிக் கேட்டால், "தெருவிளக்கு எரியுதா? அப்ப சரி." கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "நான் லேட்டா போனாலும் கதவு திறக்குது சார். அப்ப சரி." இப்படிப்பட்டவர் மேல் யாருக்கும் கோபம் வராது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அதே கடையில்தான் கண்ணாடி போட்டிருக்கிறோம்.

அந்த 'அப்ப சரி'யில்தான் அவர் மனைவியின் கண் போனது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் பெரிய டாக்டர் யாராவது ஓடிவந்து காப்பாற்றுவார் என்று காத்திருந்து யாரும் ஏமாற வேண்டாம்.

மனைவிக்கும் அதே கடையில்தான் வேலை. அவர் உள்ளறையில், அவள் முன்னால் கல்லாவுக்குப் பக்கத்தில். வந்தவர்களுக்குச் சட்டங்களை எடுத்துக் காட்டுவது, முகத்துக்குப் பொருந்தாததையும் "உங்களுக்கு இது எடுப்பா இருக்கு" என்று சொல்வது, கழன்ற திருகுகளை முடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. காலையில் கடை திறந்ததும் முதல் காரியமாக உள்ளறைக்குப் போய், ஈரத்துணியால் எழுத்துப் பலகையைத் துடைப்பாள். மேல் எழுத்திலிருந்து கடைசி வரி வரைக்கும், குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி ஒவ்வொன்றாக. கல்யாணமாகி வந்த புதிதில் ஆரம்பித்த பழக்கம். மகள் பிறந்து, படித்து, வேலைக்கு வெளியூர் போன பிறகும் நிற்கவில்லை.

ஒருநாள் தையற்காரி ஒருத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊசி கோக்கும்போதெல்லாம் மண்டை பிளக்கிறதாம். சோதித்தால் பளிச்சென்று எறும்பு வரியை வாசிக்கிறாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. "கண்ணுல ஒண்ணுமில்லம்மா" என்றால் முகம் தொங்கிவிட்டது. அப்பசரி யோசித்தார். பவரே இல்லாத வெறும் கண்ணாடியை நல்ல சட்டத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அவள் பூரிப்போடு வந்து நின்றாள். "தலைவலி போன இடம் தெரியலைங்க. கைராசிக்காரர் நீங்க."

அப்போது கடையில் 'தத்துவம்' உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைசி வருஷம் அவர் வகுப்பில் இரண்டே பேர். ஒருவர் தூங்கினார், இன்னொருவர் அறை மாறி வந்தவர். அதனால் அவர் இப்போது யார் கிடைத்தாலும் நடத்துவார். தையற்காரி போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அதுல என்ன பவர் போட்டீங்க?"

"ஒண்ணும் போடல சார். அதுவும் ஜன்னல் கண்ணாடியும் அண்ணன் தம்பி."

"அப்ப ஏமாத்தியிருக்கீங்க!"

"ஏமாந்தது யாரு சார்? அவங்களா, தலைவலியா?"

தத்துவம் தொடையில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "அட, நீங்க பேசறது பெரிய தத்துவம்ங்க! நடைமுறைவாதம்னு பேரு. ஒரு நம்பிக்கை உண்மையான்னு உக்காந்து ஆராயாதே. அதை நம்பி நடந்தா வாழ்க்கையில என்ன வித்தியாசம் வருதுன்னு பாரு. வேலை செஞ்சா அதுக்குப் பேருதான் உண்மை. நான் முப்பது வருஷமா நடத்தினதை நீங்க மூக்குமேல மாட்டி அனுப்புறீங்க!"

"இதைச் சொல்லித் தரவா சார் காலேஜ் கட்டி வெச்சிருக்காங்க?"

"இருங்க, இருங்க. அதுல இன்னொரு பாதி இருக்கு. அதை விட்டுட்டா..."

"ஒரு நிமிஷம் சார்." கால் ஒடிந்த கண்ணாடியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவர் உள்ளே வந்திருந்தார். அப்பசரி அவர் பக்கம் திரும்பினார். தத்துவம் திறந்த வாயை மூடிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு அந்த மீதிப் பாதியை வாங்க ஆள் இல்லை.

மனைவி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அல்லது அதற்கு முன்பே ஆரம்பித்து, அப்போதுதான் அவர் கவனித்திருப்பார். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். தெருவில் இடது பக்கமாக வந்த சைக்கிள்காரனிடம் திட்டு வாங்கினாள். "எங்க பார்த்துக்கிட்டு வர்றே?" என்று அவரும் சேர்ந்து திட்டினார். ஒருநாள் அவளே சொன்னாள்.

"ஏங்க, ஓரமெல்லாம் புகை அடிச்ச மாதிரி இருக்குங்க."

"வா, உக்காரு."

உட்கார வைத்தார். இரும்புச் சட்டத்தை மாட்டினார். வலது கண்ணில் வாசித்தாள், இடது கண்ணில் வாசித்தாள். மேலிருந்து கீழே, தடங்கல் இல்லாமல், எறும்பு வரி வரைக்கும்.

"அப்ப சரி. தூக்கம் பத்தல உனக்கு."

அடுத்த முறை சொன்னபோது, சும்மா இருக்கட்டும் என்று துளி பவர் கூட்டினார். "இப்ப எப்படி?" "நல்லாத்தான் இருக்கு." அதற்கப்புறம் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். ஆக, கண்ணாடி வேலை செய்துவிட்டது. புகார் நின்றால் கோளாறும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வது கண்ணாடிக் கடைக்கு மட்டும் உள்ள வழக்கமா என்ன? பெரிய பெரிய ஆபீஸ்களே அதில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு மழைக்காலத்தில் முதலாளி கடையைப் புதுசாக்கினார். அப்பசரியைவிட வயதில் சின்னவர். இவரை 'அண்ணே' என்பார், மனைவியை 'அண்ணி' என்பார். விளக்குப் பெட்டியைக் கழற்றிப் பின்னறையில் போட்டுவிட்டு, அதே இடத்தில் டிவி மாதிரி ஒரு திரையை மாட்டினார். கையில் ரிமோட். அழுத்தினால் எழுத்து வரும், இன்னொரு முறை அழுத்தினால் எண் வரும், குழந்தைகளுக்கு யானை குதிரைகூட வரும்.

"அண்ணி, வாங்க. நீங்கதான் போணி பண்ணணும்."

"எனக்கெதுக்குத் தம்பி? அதே எழுத்தைப் புதுப் பெட்டியில போட்டிருக்கீங்க, அவ்வளவுதானே?"

"உக்காருங்க சொல்றேன்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அப்பசரி பழக்கப்படி வலது கண்ணை அடைத்தார். முதலாளி ரிமோட்டை அழுத்தினார். திரையில் எண்கள் வந்தன. மேலே பெரிய நான்கு. கீழே ஏழும் இரண்டும். அதற்குக் கீழே இன்னும் சின்ன எண்கள்.

அவள் வாசித்தாள். "ப. ட, ம. க, ய, ர..."

தலை நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசித்தாள். வரிக்கு வரி மூச்சு விட்டாள். எழுத்து சிறுக்கிற இடத்தில் கண்ணைக்கூடக் கொஞ்சம் சுருக்கினாள். பின்னறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்த பலகையை, ஓர் எழுத்து பிசகாமல், கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி சரியான ஆளு! காமெடி பண்றாங்க பாருங்க அண்ணே!"

"ஏன் தம்பி, தப்பா வாசிச்சிட்டேனா?" என்றாள் அவள்.

அப்பசரி தன் ஆள்காட்டி விரலை அவளுடைய இடது கண்ணுக்கு முன்னால், இமை முடி படுகிற அளவுக்குக் கிட்டே நீட்டினார்.

"இது என்ன?"

"எது?"

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. திரையில் எண்கள் போய், கை தவறிப் பட்டதில் யானை வந்து நின்றது.

கண் ஆஸ்பத்திரியில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசி அறையில் இருந்த டாக்டரம்மா நல்லவர். சுற்றி வளைக்கவில்லை. "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னிருக்கு. ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள வரும். இடது கண்ணு முடிஞ்சுபோச்சு. வலதுல நடுவுல கொஞ்சம் இருக்கு. போனது வராது. இருக்கிறதைப் பிடிச்சு வெக்கப் பார்ப்போம்."

"எந்தப் பவர் போட்டா..." என்று ஆரம்பித்தார் அப்பசரி.

"நரம்புக்குப் பவர் கிடையாதுங்க. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும். எங்கேயும் காட்டவே இல்லையா? நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ஒரு கடையில இருக்கேன்."

"கடைன்னு சும்மா சொல்றாருங்க," என்றாள் மனைவி, பெருமையாக. "இவரு கண்ணு டெஸ்ட் பண்றவரு. இந்தப் பக்கத்துல பாதிப் பேருக்கு இவர் கைதான்."

டாக்டரம்மா தலையைக் குனிந்து மருந்துச் சீட்டை எழுதினார். சொட்டு மருந்து ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் வெகுநேரம் எழுதினார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் அவர் கேட்டார்.

"எழுத்து தெரியலேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு சொன்னாலும் பொய், தெரியாதுன்னு சொன்னாலும் பொய். நீங்க வாசின்னு சொல்வீங்க, வாய் வாசிச்சிடும். துடைச்சுத் துடைச்சு எல்லாம் உள்ள போய் உக்காந்திருக்கு. பாத்து வாசிச்சேனா பாக்காம வாசிச்சேனான்னு எப்படிங்க பிரிச்சுச் சொல்றது?"

"ஒரு வார்த்தை சந்தேகமா சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. புகை அடிக்குதுன்னு சொன்னேனே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்புறம் வெளியில கூட்டம் நின்னுச்சு. வாசிச்சு முடிச்சாத்தானே எழுந்திரிக்க விடுவீங்க?"

சாயங்காலம் மகள் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள்.

"ஆமா."

"அப்புறம் எப்படிப்பா?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். எதிர்முனையில் அவள் அலுவலகத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "சரி, அம்மாகிட்ட குடுங்க" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு மனிதர் தலைகீழாக மாறிப்போனார். எதையும் 'அப்ப சரி' என்று விடமாட்டேன் என்கிறார். வேளா வேளைக்குச் சொட்டு மருந்து விட்டார். விட்ட கையோடு சோதனை. சீப்பை நீட்டி, "இது என்ன?" கரண்டியை நீட்டி, "இது?" அவளுடைய செருப்பையே தூக்கிக் காட்டி, "இது?"

"சீப்பு. கரண்டி. கர்மம், அதைக் கீழ போடுங்க முதல்ல!"

எல்லாம் சரியாகச் சொன்னாள். அவருக்குச் சந்தேகம் வந்தது. எண்ணெய் வாசத்தில் சீப்பைச் சொல்லியிருப்பாளோ? வளையலில் பட்ட சத்தத்தில் கரண்டியைச் சொல்லியிருப்பாளோ? சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மூச்சை அடக்கி, பூனை மாதிரிப் பக்கவாட்டில் வந்து நீட்டுவார்.

"இப்ப என்ன காட்டுறேன்?"

"உங்க தலையைக் காட்டுறீங்க. நான் என்னங்க பரீட்சையா எழுதுறேன், பிட்டு அடிக்கிறேனான்னு பாக்குறீங்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சீப்பு அவர் கையில் அப்படியே நீட்டியபடி இருந்தது. அதை அவள் பார்த்தாளா என்பது அன்றும் தெரியவில்லை. நல்ல சோதனையில் ஒரு தொல்லை இருக்கிறது. அது நடப்பதைச் சொல்லும், நிறுத்தாது. வலது கண்ணின் வெளிச்சம் தட்டு அளவிலிருந்து நாணய அளவுக்கு வந்ததை அவர் துல்லியமாகக் கண்டுபிடித்தார். நாணயம் சட்டைப் பொத்தானாகச் சுருங்கியதையும் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தை மாற்றினார்கள், கத்தியும் வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது என்றார்கள். அவளுக்கு நிற்கவில்லை.

தத்துவம் ஒருநாள் கடைக்கு வந்தார். விஷயம் காதுக்கு எட்டியிருந்தது. குடையை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்.

"சார், அன்னிக்கு ஒரு பாதி சொல்லிட்டு நிறுத்திட்டீங்க. மீதி என்ன?"

"நான் எங்கே நிறுத்தினேன்? நீங்கதானே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். "பெருசா ஒண்ணுமில்லைங்க. வேலை செய்யுதுன்னு சொன்னா போதாது. யாருக்குச் செய்யுது, எவ்வளவு காலத்துக்குச் செய்யும், வேற மாதிரி சோதிச்சாலும் தாங்குமான்னு விடாம கேக்கணும். கேக்கிறதை எப்ப நிறுத்துறோமோ, அப்பவே அது உண்மைங்கிற இடத்திலிருந்து இறங்கிப் பழக்கமாயிடும். அதான் மீதி."

"இப்ப விடாம கேக்குறேன் சார். தினம் மூணு வேளை கேக்குறேன். கேட்டு?"

தத்துவம் வாசலைப் பார்த்தார். இந்த முறை கால் ஒடிந்த கண்ணாடியோடு யாரும் வந்து காப்பாற்றவில்லை. "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குடையை மறந்துவிட்டுப் போனார். எடுக்க வரவும் இல்லை.

அவர் போன சூட்டோடு தையற்காரி தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இவளுக்கும் அதே தலைவலிங்க. எனக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க." அப்பசரி இவளைச் சும்மா விடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் விரலை ஆட்டிப் பார்த்தார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எழுதி வாங்கிவரச் சொன்னார். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் வெறும் கண்ணாடியைப் போட்டுக் கொடுத்தார். அவளுக்கும் தலைவலி போய்விட்டது. கைராசிக்காரர் என்று அவளும் சொன்னாள். கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு இது எடுப்பா இருக்கு" என்று அந்தப் பெண்ணும் நன்றாகவே சொன்னாள்.

மனைவி வீட்டோடு இருந்தாள். பொருட்களை இடம் மாற்றாமல் வைத்தால் போதும், சமையல்கூடச் செய்வாள். வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் வலது கண்ணில் மிச்சமிருந்தது. சாயங்காலம் அவர் வந்து சுவிட்சைப் போட்டால், "வந்துட்டீங்களா?" என்று விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்புவாள். அவர் நடத்திய சோதனைகளில் கடைசியாக மிஞ்சியது அதுதான். அதில் அவள் ஒரு நாளும் தவறவில்லை.

அன்றைக்குக் கடையிலிருந்து வந்தார். கட்டிலில் துணிகளைக் குவித்து வைத்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டார். டியூப்லைட் இரண்டு தரம் கண்ணடித்துவிட்டுப் பிரகாசமாக எரிந்தது. அவள் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மின்விசிறியைப் போட்டார். எதிரில் வந்து நின்றார்.

"வந்துட்டீங்கதானே?" என்றாள், அவருக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்து. "என்னங்க, கரண்ட் போயிடுச்சா?"

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ ஜோக் அடிக்க, கூட்டம் கைதட்டியது.

"ஆமா. தெரு முழுக்கப் போயிடுச்சு."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்தாள். தலைக்கு மேல் மின்விசிறி வேகமெடுத்தது. நெற்றியில் விழுந்து பறந்த முடியை ஒதுக்கிவிட்டு, காற்று வருகிற பக்கம் முகத்தை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

பிறகு துணியை எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, நீவி மடித்தாள்.

"வந்தா சொல்லுங்க," என்றாள்.

"சொல்றேன்," என்றார் அவர்.